ஸ்காண்டிநேவியக் குற்றத் தொடர்களும் கையறுநிலையும்

   

கவிஞர்கள் கூடிய அவையில் தொலைக்காட்சிக் கொலைக்கதைகளைப் பற்றிப் பேசுவதா என்னும் ஐயம் சிலர் உள்ளத்தில் எழுதல் இயல்பே. தலைப்பில் உள்ள இரு சொற்களும் ஒன்றோடொன்று ஒட்டாதவை போலத் தோன்றுவதும் உண்மையே. எனினும் இந்த உரை நிகழும் மண் தகடூர் மண். அதியமான் நெடுமான் அஞ்சி களத்தில் வீழ்ந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளன. 231, 232, 235 ஆகிய எண்களைத் தாங்கிய அப்பாடல்களுள் எதிலும், அஞ்சியைக் கொன்றவன் யார், எப்படிக் கொன்றான், எத்தனை நாள் போர் நடந்தது என்னும் செய்திகள் முதன்மை பெறவில்லை. அவன் போனதால் யார் யார்க்கு என்னென்ன போயிற்று என்பதே பாட்டாகியிருக்கிறது. போரின் வரலாற்றைச் சொன்ன ‘தகடூர் யாத்திரை’ என்னும் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு முதலிய தொகுப்புகளின் வழியே சில பாடல்களே எஞ்சியுள்ளன. போரின் கதை அழிந்துவிட்டது, புலம்பல் நின்றுவிட்டது. இதனை மனத்திற்கொண்டு, டென்மார்க்கு, சுவீடன் முதலிய நாடுகளின் குற்றத் தொடர்களை நோக்கினால், அவற்றுள் பார்க்கத்தக்கவை எவை, தள்ளத்தக்கவை எவை என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

முதலில் அவற்றின் பிறப்பைச் சுருக்கமாகக் காணல் வேண்டும்.

சுவீடன் நாட்டின் மாய் ஷோவால், பெர் வாலோ என்னும் இணையர் 1965 முதல் 1975 வரை பத்து நாவல்களை எழுதினர். மார்ட்டின் பெக் என்னும் காவல் அதிகாரியே பத்திலும் வருபவர். முதல் நாவலில் ஒரு கால்வாயைத் தூர்வாரும்போது பெயர் தெரியாத இளம்பெண்ணின் உடல் அகப்படுகிறது. அவள் யார் என்று அறிவதற்கே மாதங்கள் ஆகின்றன. துப்பறிவோர்க்குச் சளி பிடிக்கிறது, வயிறு கெடுகிறது, இல்லறம் கசக்கிறது. ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வரும் மேதைகளுக்கு இவையெல்லாம் நேர்வதில்லை. பத்து நாவல்களுக்கும் சேர்த்து அவ்விணையர் வைத்த பொதுப்பெயர் ‘ஒரு குற்றத்தின் கதை’ என்று பொருள்படும். பத்துக் கொலைகளுக்குப் பின்னால் நிற்கும் அந்த ஒரு குற்றம் எது? நலம் பேணும் அரசு என்று உலகம் புகழ்ந்த சுவீடன் தன் எளிய மக்களைக் கைவிட்டதே அக்குற்றம் என்பது அவ்விணையரின் கருத்து. அவர்கள் இடதுசாரிகள், அதனை மறைத்தவர்களும் அல்லர்.

பத்தாவது நாவலில் நாட்டின் தலைமை அமைச்சர் சுட்டுக்கொல்லப்படுகிறார். நாவல் வெளிவந்தது 1975இல். அந்த ஆண்டே பெர் வாலோ மறைந்தார். 1986 பிப்ரவரி 28 அன்று இரவு, திரைப்படம் பார்த்துவிட்டு மெய்க்காவலர் இன்றி மனைவியோடு நடந்து சென்ற சுவீடன் தலைமை அமைச்சர் உலோஃப் பால்மே ஸ்டாக்ஹோம் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வழக்கில் 1989இல் தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். 2020இல் விசாரணை முடித்துவைக்கப்பட்டபோது ஐயத்திற்குரியவராகச் சுட்டப்பட்டவர் உயிரோடு இல்லை. ஒரு நாடே தன் தலைவனைக் கொன்றவனை நீதிமன்றத்தில் நிறுத்த இயலாமல் முப்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தது. அத்தகைய நாட்டில் குற்றக்கதை வெறும் பொழுதுபோக்காக இருத்தல் அரிது.

1991இல் ஹென்னிங் மான்கெல் என்பாரின் குர்ட் வாலண்டர் நாவல் வரிசை தொடங்கியது. முதல் நாவலில் முதிய உழவர் இணையர் கொல்லப்படுகின்றனர். சாகும் தறுவாயில் மூதாட்டி சொல்லும் ஒரு சொல், கொலையாளிகள் வேற்று நாட்டார் என்னும் எண்ணத்தை எழுப்புகிறது. அச்சொல் வெளியே கசிந்ததும் அகதிகள் மீது வெறுப்பு மூள்கிறது. கொலையை விசாரிப்பதோடு வதந்தியின் விளைவையும் காவலர் துரத்த வேண்டியதாகிறது. வாலண்டர் கதைகள் சுவீடனில் படங்களாகவும் தொடர்களாகவும் வந்தன. 2008 முதல் 2016 வரை பி.பி.சி. ஆங்கிலத்திலும் எடுத்தது. சுவீடிய வடிவமே சிறந்தது. ஆங்கில வடிவத்தில் வயல்வெளிகள் மிக அழகாக இருக்கின்றன. அந்த அழகே குறை.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். டென்மார்க்கின் பொது ஒளிபரப்பு நிறுவனமான டி.ஆர். தன் நாடகங்களுக்குச் சில நெறிகளை வகுத்துக்கொண்டது. எழுத்தாளரின் பார்வையே இறுதியானது என்பது ஒன்று. ஒவ்வொரு தொடரிலும் மேலே ஓடும் கதைக்கு அடியில், சமுதாயத்தையோ அறத்தையோ பற்றிய இன்னொரு கதை ஓட வேண்டும் என்பது மற்றொன்று. இதனை அவர்கள் இரட்டைக்கதை என்றனர். உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. வெளிப்படக் கூறாது கருப்பொருளின் வழியே பிறிதொன்றை உணர்த்தும் கலையைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. அரசு நிறுவனம் ஒன்று அதனைத் தன் பணிவிதியாகவே கொண்டது என்பதே வியப்புக்குரியது. தூர்தர்ஷனுக்கு அத்தகைய விதி இருந்ததாகச் சொல்வாரில்லை.

அவ்விதியின் கனியே 2007இல் ஒளிபரப்பான ‘குற்றம்’ என்னும் டேனிஷ் தொடர். ஆங்கிலத்தில் இதற்குக் ‘கொலை’ என்று பெயரிட்டனர். மூலத் தலைப்பு மாறியதில் பொருளும் சுருங்கிற்று. ஸ்டீக் லார்சன் என்னும் சுவீடிய எழுத்தாளரின் புகழ்பெற்ற முதல் நாவலுக்கும் இதுவே நேர்ந்தது. ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’ என்பது அவர் இட்ட தலைப்பு. ஆங்கிலத்தில் அது டிராகன் பச்சை குத்திய பெண்ணின் கதையாகிவிட்டது. குற்றம் செய்தவரைச் சுட்டிய தலைப்பு, பெண்ணின் உடலைச் சுட்டுவதாக மாறியது. தலைப்பின் அருமை கவிஞர்க்குத் தெரியும். மேலும் விளக்க வேண்டுவதில்லை.

சோரன் ஸ்வைஸ்ட்ரப் எழுதிய ‘குற்ற’த்தின் முதற்பகுதி இருபது அத்தியாயங்களைக் கொண்டது. ஓர் அத்தியாயம் ஒரு நாள். பத்தொன்பது வயது நன்னா பிர்க் லார்சனின் கொலை ஒன்றே பொருள். கோபன்ஹேகனில் நவம்பர் மாதம்; வெளிச்சம் குறைந்த நாட்கள்; ஓயாத மழை. நீரில் மூழ்கிய ஒரு காரின் பின்பெட்டியிலிருந்து உடல் எடுக்கப்படுகிறது. அந்தக் கார் நகரத்தந்தைத் தேர்தலில் நிற்கும் அரசியல்வாதி ஒருவரின் பிரசாரத்திற்கு உரியது. இவ்வாறு காவலரின் அலுவலகம், அரசியல்வாதியின் மாளிகை, இறந்தவளின் வீடு என்னும் மூன்று இடங்களைக் கதை மாறி மாறிச் சுற்றுகிறது. முதலிரண்டு இடங்களும் எந்த நாட்டுத் தொடரிலும் கிடைப்பவை. மூன்றாவது இடமே இத்தொடரை உயர்த்துவது.

நன்னாவின் தந்தை தைஸ், வீட்டுப் பொருள்களை இடம் மாற்றிக் கொடுக்கும் தொழில் செய்பவர். தாய் பெர்னில்லெ. பள்ளிக்குச் செல்லும் இரு சிறுவர்கள் வேறு. முதல் அத்தியாயத்தின் இறுதியில் தந்தை, காரை நீரிலிருந்து தூக்கும் இடத்திற்கே வந்துவிடுகிறார். அவர் கையில் தொலைபேசி, மறுமுனையில் மனைவி. அவர் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் எழுப்பும் ஓசையைக் கேட்டே அவள் அறிந்துகொள்கிறாள். அழுகையைக் காட்டுவதற்குத் தமிழ்த் தொலைக்காட்சி அண்மைக்காட்சியையும் வயலினையும் நாடும். இங்கே ஒரு தாயின் காதும் ஒரு தொலைபேசியும் போதுமானவையாக இருக்கின்றன.

அதன்பின் பத்தொன்பது அத்தியாயங்கள் அந்த வீடு திறந்தே இருக்கிறது. சவப்பெட்டி தேர்ந்தெடுக்கப்படுகிறது. மகளின் அறையை என்ன செய்வது என்று தெரியவில்லை. குடும்பத்தார்க்கு வியப்பாக இருக்கட்டும் என்று தந்தை மறைவாக வாங்கிவைத்த புது வீடு, இப்போது தீராச் சுமையாக நிற்கிறது. தாய் சமையலறையில் நிற்கிறாள். இன்னொரு நாளும் நிற்கிறாள். காவலர் ஒவ்வொரு முறை ஒரு புதிய ஐயத்தைக் கொண்டுவரும்போதும் அந்த ஐயம் இந்த வீட்டிற்குள் விழுந்து வெடிக்கிறது. தவறான ஒருவர் மீது விழும் ஐயம் என்ன செய்யும் என்பதை இத்தொடர் காட்டும் இடங்கள் கடுமையானவை. முடிவைச் சொல்லுதல் முறையன்று. ஆனால் கொலையாளி யார் என்பதை மறந்துபோனவர்க்கும் பெர்னில்லெயின் முகம் மறப்பதில்லை.

சாரா லுண்ட் என்னும் பெண் அதிகாரியாக சோபி கிராபோல் நடித்தார். அவர் அணிந்த கம்பளிச் சட்டை ஐரோப்பாவில் பெரும்புகழ் பெற்றது. சட்டையைப் பற்றி எழுதியவர்கள் பலர். அந்த அதிகாரி வாய்திறவாமல் பார்த்துக்கொண்டே நிற்கும் நேரங்களைப் பற்றி எழுதியவர் சிலரே. 2009இலும் 2012இலும் வந்த இரண்டாம் மூன்றாம் பகுதிகள் பத்துப் பத்து அத்தியாயங்கள் கொண்டவை, நன்றாகவே உள்ளன. ஆயினும் முதற்பகுதிக்கு ஈடாகா. இருபது என்பது பத்தாகக் குறைந்ததும் புலம்பலுக்குரிய நேரமே முதலில் வெட்டுப்பட்டது.

2011இல் சுவீடனும் டென்மார்க்கும் இணைந்து எடுத்த ‘பாலம்’ வேறு வகை. மால்மோவையும் கோபன்ஹேகனையும் இணைக்கும் ஓரசுண்டு பாலம் 2000இல் திறக்கப்பட்டது. அப்பாலத்தின் நடுவே, இரு நாட்டு எல்லைக்கோட்டின் மேல் சரியாக ஓர் உடல் கிடக்கிறது. எடுக்கப் போனால் அது ஓர் உடல் அன்று. இடுப்புக்கு மேல் ஒரு பெண், கீழே இன்னொரு பெண். மேற்பாதி சுவீடனின் அரசியல்வாதி. கீழ்ப்பாதி டென்மார்க்கில் உடலை விற்றுப் பிழைத்த ஒரு பெண். பின்னவள் காணாமற்போய் ஓராண்டுக்கும் மேலாகிறது. அவளைத் தேடுவதில் யாரும் பெரிதும் முனையவில்லை. அரசியல்வாதியின் உடலோடு ஒட்டிக்கொண்ட பிறகே அவளும் விசாரணைக்கு உரியவள் ஆகிறாள். சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்னும் கூற்றை இதைவிடக் கொடுமையாகக் கேள்வி கேட்ட காட்சி அரிது. சாகா நோரென், மார்ட்டின் ரோடெ என்னும் இரு அதிகாரிகளின் உறவும் மிக நுட்பமாக அமைந்தது.

ஆனால் ‘பால’த்தில் ஒரு நோயும் தொடங்கியது. கொலையாளி வரவர மேதையாகிறான். உடல்கள் ஓவியம் போல அடுக்கப்படுகின்றன. இதனைப் பார்த்துப் பிறநாட்டார் எடுத்த தொடர்களில் பிணத்தை அழகுபடுத்தும் கலை வளர்ந்தது. அவ்வாறு அடுக்கப்படும் உடல்கள் பெரும்பாலும் இளம்பெண்களின் உடல்கள் என்பதைக் கூறாமல் செல்வதற்கில்லை. ஸ்காண்டிநேவியத் தொடர் என்னும் பெயர்ப்பலகை ஒன்றையே நம்பிப் பார்க்கத் தொடங்குவோர் ஏமாறுவதும் இதனால்தான்.

இடையே ஐஸ்லாந்தின் 2015ஆம் ஆண்டுத் தொடரான ‘வழியடைப்பு’ பற்றி ஒரு சொல். பனிப்புயலால் ஒரு துறைமுகச் சிற்றூர் அடைபட்டுவிடுகிறது. கப்பலில் வந்தவர்கள் இறங்க முடியாது, ஊரார் வெளியேற முடியாது. தலைநகரிலிருந்து தடய அறிஞர்கள் வர முடியாது. கொலை விசாரணை ஊர்க் காவலர் மூவர் கையில். முதற்பொருளாகிய நிலமும் பொழுதுமே உரிப்பொருளை ஆட்டிவைக்கும் முறைக்குத் திணை இலக்கணம் கற்பிப்போர் இத்தொடரை வகுப்பில் எடுத்துக்காட்டலாம். பனி அங்கே பின்னணித் திரையாகத் தொங்கவில்லை. கதைமாந்தர்களுள் ஒருவராக இருக்கிறது.

இவையனைத்தினும் மேலாக வைத்து எண்ணத்தக்கது 2020இல் டென்மார்க்கிலும் சுவீடனிலும் ஒளிபரப்பான ‘விசாரணை’. டோபியாஸ் லிண்ட்ஹோம் எழுதி இயக்கிய இதில் ஆறே அத்தியாயங்கள். இது கற்பனையன்று. சுவீடனைச் சேர்ந்த கிம் வால் என்னும் பெண் இதழாளர், 2017 ஆகஸ்டில், தனியார் ஒருவர் கட்டிய நீர்மூழ்கிக் கப்பலில் அவரைப் பேட்டி காணச் சென்று கொல்லப்பட்டார். கொலையாளிக்கு 2018இல் வாழ்நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உலகச் செய்தித்தாள்கள் அம்மனிதனைப் பற்றி எழுதிக் குவித்தன. அவன் கட்டிய கப்பல், அவன் குழந்தைப் பருவம், அவன் மனக்கோணல் என்று பக்கங்கள் நிரம்பின.

லிண்ட்ஹோமின் தொடரில் அவன் முகம் ஒரு முறையும் காட்டப்படவில்லை. அவன் பெயர் ஒரு முறையும் சொல்லப்படவில்லை. கொலையும் காட்டப்படவில்லை. காட்டப்படுவது என்ன? கோபன்ஹேகன் காவல்துறையின் கொலைப்பிரிவுத் தலைவர் யென்ஸ் மோல்லர் அன்றாடம் அலுவலகம் வருகிறார். முக்குளிப்போர் கடலடியைத் துழாவுகின்றனர். நீரோட்டம் எத்திசையில் எவ்வளவு விரைவாகச் செல்லும் என்று கணக்கிடப்படுகிறது. நீரின் மேல் எழும் மணத்தை அறியப் பழக்கிய நாய்கள் படகில் ஏற்றப்படுகின்றன. நாள் கழிகிறது; ஒன்றும் கிட்டவில்லை. மறுநாளும் கடலுக்குப் போகின்றனர். அரசு வழக்கறிஞர் ஒவ்வொரு சான்றையும் எடைபோட்டு, ‘இது போதாது’ என்கிறார். கிம் வாலின் பெற்றோர் சுவீடன் கடற்கரையில் தம் வீட்டில் காத்திருக்கின்றனர். மகளின் பெயரால் பெண் இதழாளர்க்கு உதவும் அறநிதி தொடங்குவது பற்றிப் பேசுகின்றனர். இந்நிதி உண்மையாகவே தொடங்கப்பட்டது. மெதுவான தொடர்தான். இரண்டாம் அத்தியாயத்தில் எழுந்து போய்விடத் தோன்றும். போகாதிருப்போர்க்கு, ஓர் உடலைத் தாயிடம் மீட்டுக்கொடுப்பதற்கு இத்தனை பேர் இத்தனை நாள் பனிக்கடலில் நிற்பார்களா என்னும் வியப்பு மெல்லப் பிடித்துக்கொள்ளும்.

கொன்றவனின் பெயரை நீக்கியது ஓர் உத்தி என்று கடந்துவிடலாகாது. புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒருவனைக் கதையின் நடுவில் நிறுத்துவதில் வேறுபாடற்றவை. அந்த நடுவிடத்தைக் கொலையாளிக்குத் தர மறுத்ததே இத்தொடரின் அறம். ஔவையாரின் கையறுநிலையில் கொன்றவனுக்கு இடமில்லாதது இங்கே நினைவுக்கு வருதல் இயல்பு.

தமிழுக்கு வருவோம். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே துப்பறியும் நாவலைத் தமிழ்ப்படுத்தினர். தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் என வாசகர் நெஞ்சில் நின்றவர் அனைவரும் துப்பறிந்தவர்களே. அவர்கள் துப்பறிந்த வழக்குகளில் இறந்தோர் பெயர் யாருக்கேனும் நினைவிருக்கிறதா? சுஜாதாவின் உரைநடைக்குத் தமிழ் பட்ட கடன் பெரிது. அதற்காக, அக்கதைகளில் பிணம் என்பது பெரும்பாலும் உரையாடல் தொடங்குவதற்குரிய ஒரு சாக்கு என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சியில் 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேச’த் தொடர்கள் வந்தன. அவற்றுள் ‘விடாது கருப்பு’, காவல் தெய்வம் தண்டிப்பதாக ஊர் நம்பும் கொலைகளின் பின்னே மனிதக் கையைத் தேடியது. ஊரின் நம்பிக்கையையே விசாரணைக்கு உட்படுத்திய அம்முயற்சி இன்றும் மதிக்கத்தக்கது.

அண்மைக்காலத்தில் இணையவழித் தொடர்கள் வந்தபின் நிலை மாறியது. 2022 ஜூனில் வந்த ‘சுழல்’, புஷ்கர்–காயத்ரி எழுதியது. பிரம்மாவும் அனுசரணும் இயக்கியது. மலையடி ஊர் ஒன்றில் சிமெண்டு ஆலை தீப்பற்றிய இரவில் தொழிற்சங்கத் தலைவரின் இளைய மகள் காணாமற்போகிறாள். அதே நாட்களில் அங்காளம்மனின் மயானக்கொள்ளைத் திருவிழா நடக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தார்க்கு மயானக்கொள்ளையை விளக்க வேண்டுவதில்லை. மாசி மாதத்து அமாவாசையில் சுடுகாட்டிற்கே சென்று கொண்டாடும் அவ்விழாவைப் பிற தொடர்கள் வெறும் முரசொலியாகப் பயன்படுத்தியிருக்கும். ‘சுழ’லில் அது இரட்டைக்கதையாகிறது; வெளியே அம்மன் சூறையாடுகிறாள், வீட்டினுள்ளே யாரோ ஒரு குழந்தைப்பருவத்தைச் சூறையாடியிருக்கிறார்கள். ஐஸ்லாந்துப் பனிக்கு நிகரான முதற்பொருள் தமிழிலும் உண்டு என்பதற்கு இது சான்று. இறுதி அத்தியாயங்களில் செய்தி சற்று உரக்கச் சொல்லப்படுகிறது என்பது குறை.

அதே ஆண்டு டிசம்பரில் ஆண்ட்ரூ லூயிஸ் எழுதி இயக்கிய ‘வதந்தி’ வந்தது. கன்னியாகுமரிப் பகுதியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்து இளம்பெண் வெலோனி இறந்துகிடக்கிறாள். அவள் எப்படிப்பட்டவள் என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கின்றனர், அக்கதைகள் செய்தியாகின்றன, செய்தி ஊர்வாயில் இன்னும் வளர்கிறது. எட்டு அத்தியாயங்களும் கொலையாளியைத் தேடுவதைவிட, வதந்திகளுக்கு அடியில் புதைந்த ஒரு பெண்ணை அகழ்ந்தெடுப்பதாகவே அமைந்துள்ளன. கோபன்ஹேகனின் நன்னாவுக்கும் இதுவே நேர்ந்தது. எஸ்.ஜே. சூர்யா நடித்த காவல் அதிகாரியின் நிம்மதியின்மை சாரா லுண்டின் நிம்மதியின்மைக்கு உறவு. அயல்நாட்டைப் பார்த்து எழுதப்பட்டது என்று இதனை இகழ்வாரும் உளர். இறந்தபின்னும் பெண்ணின் ஒழுக்கத்தை ஊர்கூடி விசாரிக்கும் வழக்கத்தைத் தமிழர் டென்மார்க்கிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய தேவை இல்லை.

சிலம்பையும் இவ்வரிசையில் வைத்துப் பார்க்கலாம். களவு நடக்கிறது, கள்வனாகிய பொற்கொல்லன் பழியை வேறொருவன் மேல் போடுகிறான், அரசன் ஆராயாது ஆணையிடுகிறான், கொலை நிகழ்கிறது. வழக்கைத் திறப்பவர் துப்பறிவாளர் அல்லர், கணவனை இழந்தவள். சான்றுப்பொருளும் அவள் கையில்தான் இருக்கிறது. குற்றவாளி என்று அவள் சுட்டுவது பொற்கொல்லனை அன்று, அரசை. ஷோவாலும் வாலோவும் பத்து நாவல்களில் வந்தடைந்த இடத்திற்கு இளங்கோவடிகள் வழக்குரை காதையிலேயே வந்துவிடுகிறார்.

இனி, தருமபுரி. குற்றத் தொடர்களின் உலகில் இம்மாவட்டத்திற்கும் ஓர் இடம் உண்டு; அது வீரப்பனால் வந்தது. 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே அதிரடிப்படையின் தாக்குதலில் அவர் இறந்தார். 2023 ஆகஸ்டில் செல்வமணி செல்வராஜ் இயக்கிய ஆவணத்தொடர் ஒன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘கூச முனிசாமி வீரப்பன்’ ஜீ5இல் வந்தது. முன்னது தேடலின் கதை. பின்னது நக்கீரன் இதழ் காட்டில் எடுத்த ஒளிப்பதிவுகளைக் கொண்டு வீரப்பனையே பேசவைத்தது. இரண்டிலும் உழைப்பு உண்டு. அதிரடிப்படையின் முகாம்களில் மலையூர் மக்கள் பட்ட துன்பமும் இடம்பெறுகிறது. தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு இதனை விசாரித்தது. 2007இல் 89 பேர்க்கு நிவாரணம் வழங்குமாறு ஆணையம் பணித்தது. எனினும் தொடர்களின் தலைப்பைப் பாருங்கள். இரண்டிலும் நிற்பது ஒரே பெயர். லிண்ட்ஹோம் எந்தப் பெயரைச் சொல்ல மறுத்தாரோ, அந்த இடத்துப் பெயர். கொல்லப்பட்ட வனத்துறையினர், காவலர், உளவாளி என்று ஐயப்பட்டுக் கொல்லப்பட்ட சிற்றூரார், முகாம்களிலிருந்து உடல் தளர்ந்து திரும்பியோர் ஆகிய அனைவரும் அவர் கதையின் துணைமாந்தராகவே வந்துபோகின்றனர். மீசையின் படம் சுவரொட்டியில் நன்றாக விழுகிறது. அந்தியூரிலோ பென்னாகரத்திலோ ஒரு விதவையின் சமையலறை விழுவதில்லை.

இம்மாவட்டத்தின் மற்றொரு வழக்கு எந்தத் தொடரின் நடுவிலும் இன்னும் வந்து அமரவில்லை. அரூர் வட்டம், சித்தேரி மலையடியில் உள்ள வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் புகுந்தனர். பழங்குடி மக்களின் வீடுகள் சூறையாடப்பட்டன; 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29 அன்று, இதே தருமபுரியின் மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றத்தில். உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீடுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று தள்ளுபடி செய்து, அப்பெண்கள் ஒவ்வொருவர்க்கும் பத்து லட்ச ரூபாய் வழங்க ஆணையிட்டது.

தொடர் எடுப்போர் இவ்வழக்கை நாடினால் 1992ஆம் ஆண்டின் அந்த ஒரு நாளையே விரும்பி எடுப்பர் என்னும் அச்சம் உண்டு. வன்கொடுமைக் காட்சிகளுக்கு முகவிலை கிடைக்கும். ‘விசாரணை’யின் ஆசிரியர் கையில் இது கிடைத்திருந்தால் அந்த நாள் திரையிலேயே இருந்திராது. 1992க்கும் 2011க்கும் இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகள் இருந்திருக்கும். புகாரை ஏற்க வைப்பதற்கு அலைந்த மாதங்கள்; 1995இல் உயர்நீதிமன்றம் மையப் புலனாய்வுத் துறையிடம் வழக்கை ஒப்படைத்த நாள்; அடையாளம் காட்டுவதற்காக வரிசையில் நின்ற அலுவலர் முன் நடந்து சென்ற பெண்கள்; நீதிமன்றத் தாழ்வாரத்தில் பெயர் அழைக்கப்படும் வரை அமர்ந்திருத்தல்; வழக்கு ஒத்திவைக்கப்பட்டு, கடைசிப் பேருந்தில் அரூர் வழியாக மலையடிக்குத் திரும்புதல். அதற்கு இருபது அத்தியாயங்கள் வேண்டியிருக்கும். பாட்டாயின், கவிஞர்கள் அறிவார்கள், குறைவான இடமே போதும்.

குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன் இறந்தனர். நீதிமன்றம் அவர்களை எண்ணி, வழக்கிலிருந்து நீக்கிக் குறித்து வைத்திருக்கிறது. அதே பத்தொன்பது ஆண்டுகளில் வாச்சாத்தியிலும் முதியோர் இறந்திருப்பர். தீர்ப்பைக் கேளாமல் போயிருப்பர். அவர்கள் எத்தனை பேர், எந்த எந்த மாதத்தில் போயினர், போகும்போது எதைக் கேட்டனர் என்பது அவ்வூர் வீடுகளில் இருக்கிறது.